நாலாம் மாடிச் சாட்சி

“எறிந்தது இவன்தானே?”

பொலிஸ் அதிகாரி பையனின் தோளைப் பிடித்து யோசப்பினுக்கு முன்னால் திருப்பினார்.

இருபது வயதுகூட இருக்காது. பச்சைச் சட்டை. புருவம் பிளந்து, இரத்தம் கன்னத்தால் வழிந்து கழுத்துவரை வந்திருந்தது. இடது கையால் புருவத்தைப் பொத்திக்கொண்டு நின்றான்.

அவன் யோசப்பினைப் பார்த்தான்.

யோசப்பின் அவனுடைய கால்களைப் பார்த்தாள். ஒரு காலில்தான் சப்பாத்து இருந்தது.

பொலிதேயாமா சதுக்கமெங்கும் நசுங்கிய காகிதக் குவளைகளும் கிழிந்த கொடிகளும் கிடந்தன. அன்றைய உலகக் கிண்ண உதைபந்தாட்டப் போட்டி தொடங்க இன்னும் நேரமிருந்தது. இத்தாலியின் பலேர்மோவில் அதற்குள்ளேயே அம்புலன்ஸ் வந்து போய்விட்டது.

சார்டினியாவிலிருந்து கப்பலில் ரசிகர்கள் என்ற பெயரில் குண்டர்கள் வரப்போகிறார்கள் என்று பத்திரிகைகள் வாரக்கணக்கில் எழுதியிருந்தன. வெளியூர்ப் பொலிஸைக் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். மது விற்கத் தடை. கண்ணாடிப் போத்தலோடு யாரைக் கண்டாலும் பிடித்து ஏற்றச் சொல்லி உத்தரவு.

கப்பலில் வந்தவர்களோ எலுமிச்சைச் சாறு குடித்தார்கள். பாடினார்கள். பத்திரிகை விற்கும் கிழவரைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள்.

தலைக்கவசம் போட்ட பொலிஸ்காரர்கள் கட்டடத்தை ஒட்டி வரிசையாக நின்று அதைப் பார்த்தார்கள். வெயிலில் நின்று நின்று அவர்களுடைய முகங்கள் சிவந்திருந்தன. சிலர் கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்கள்.

அந்த வரிசைக்குள் ஒரு போத்தல் விழுந்து வெடித்தது.

இளம் பொலிஸ்காரன் ஒருவன் கழுத்தைப் பொத்திக்கொண்டு முழங்காலில் சரிந்தான். யாரோ கத்தினார்கள். பொல்லுகள் உயர்ந்தன. பின்வரிசையில் நின்றவர்கள் பாட்டை நிறுத்துவதற்கு முன்பே முன்வரிசையில் அடி விழத் தொடங்கிவிட்டது.

அந்தக் கட்டடத்தின் நாலாம் மாடிப் பால்கனியில் ஒரு பெண் நின்றதை எதிர்க்கடைக்காரர் கண்டிருந்தார். அதனால்தான் அந்த வீட்டில் வேலை செய்யும் யோசப்பின் இப்போது ஏப்ரனோடு தெருவில் நிற்கிறாள்.

மூலையிலிருந்த கடையில் கோப்பை கழுவும் கொட்வின், அவளுடைய ஊர்க்காரன், ஆட்களை விலத்திக்கொண்டு பக்கத்தில் வந்தான்.

“அக்கா, காணேல்லை எண்டு சொல்லிப்போட்டு மேலை போங்கோ. பெர்மெஸ்ஸோவுக்கு எழுதிக் குடுத்திட்டு இருக்கிற நேரம். உங்கடை பேர் இப்ப பொலிஸிலை அடிபடக்கூடாது.”

அவன் நல்லதுக்குத்தான் சொன்னான். அந்த வதிவிட அனுமதி கிடைத்தால்தான் அவள் பிள்ளைகளைக் கூப்பிடலாம். பிள்ளைகள் இருவரும் மன்னாரில் அவளுடைய தமக்கையோடு இருந்தார்கள். அங்கே அந்த மாதந்தான் மறுபடி சண்டை தொடங்கியிருந்தது. தந்தியும் இல்லை, தொலைபேசியும் இல்லை.

“அவசரமில்லை. நன்றாகப் பாருங்கள்” என்றார் அதிகாரி. அவர் கெட்டவராகத் தெரியவில்லை. களைத்துப் போயிருந்தார். “இவனில்லை என்று நீங்கள் சொன்னால் இப்போதே விட்டுவிடுவேன். இல்லாவிட்டால், பொலிஸ்காரனைக் கொல்லப் பார்த்தான் என்றுதான் எழுத வேண்டிவரும்.”



பையன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவளுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

“நான் காணவில்லை.”

அதிகாரி பெருமூச்சு விட்டார். “இந்த ஊரில் யாரும் எதையும் காண்பதில்லை. நீங்களும் பழகிவிட்டீர்கள்.”

பையனை வானுக்குக் கூட்டிப்போனார்கள். அவன் வெறுங்காலைக் கண்ணாடித் துண்டுகளில் படாமல் பார்த்துப் பார்த்து வைத்து நடந்தான்.

யோசப்பின் சுவரைப் பிடித்துக்கொண்டு நாலு மாடியும் ஏறினாள்.

வீட்டுக்காரச் சிஞ்ஞோரா வரவேற்பறையில் நின்றாள். யோசப்பினை அவள் இத்தாலிய வாடையில்தான் கூப்பிடுவாள். மத்தியானத் தூக்கத்தில் இருந்தவள் சத்தத்தில்தான் எழும்பியிருந்தாள். பால்கனியில் பூச்சாடிகளில் பாதி நனைந்திருந்தன. மற்றப் பாதி காய்ந்து கிடந்தது.

“ஜுசெப்பினா, செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற போத்தல் எங்கே?”

அடிதடிக்கு முன், அந்தப் பையன் கீழேயிருந்து அவளுக்குக் கையசைத்திருந்தான்.

அவள் இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து, தெருவில் போகிற எவரும் நிமிர்ந்து பார்த்து அவளுக்குக் கையசைத்ததில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. பதிலுக்குக் கையை உயர்த்தினாள். பால்கனிக் கம்பியின் மேல் வைத்திருந்த போத்தலில் முழங்கை பட்டது.

அது விழுவதை அவன் முழுதாகப் பார்த்தான்.

பிறகு சதுக்கத்தில் பொலிஸ் பிடியில் நின்றபோது அவனுடைய வலது கை சும்மாதான் தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவன் அவள் பக்கம் நீட்டவில்லை.

“விழுந்துவிட்டது, சிஞ்ஞோரா.”

சிஞ்ஞோரா பால்கனிக்குப் போனாள். எட்டிக் கீழே பார்த்தாள். திரும்பி யோசப்பினைப் பார்த்தாள். அவளுடைய முகத்தில் ஏதோ விளங்குவதும், விளங்கியதை அவள் தள்ளி வைப்பதும் தெரிந்தது.

உள்ளே வந்து பால்கனிக் கதவுகளை இழுத்துச் சாத்தினாள்.

“நாளைக்கு பிளாஸ்டிக்கில் ஒன்று வாங்குவோம்.”

வான் இன்னும் புறப்பட்டிருக்கவில்லை. கதவுகளுக்கு அப்பால் அதிகாரியின் குரல் கேட்டது.

ஓடினால் பிடிக்கலாம்.

யோசப்பின் குசினிக்குப் போனாள். குழாயை முழுதாகத் திறந்துவிட்டாள். காலியான தொட்டிக்குள் தண்ணீர் பேரிரைச்சலோடு விழுந்தது.

அப்படியும் வான் புறப்படும் சத்தம் கேட்டது.