தொலைந்துபோன இடுப்புப் பாய்

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையும் சாமிசோனியின் இடுப்புப் பாயைக் காணவில்லை.

எங்கள் டோங்காவில் தாழை ஓலைப் பாயை இடுப்பில் சுற்றாமல் எந்த ஆம்பளையும் சர்ச் படி ஏற மாட்டான். பாய் இல்லையென்றால் சர்ச் பாடகர் குழுவில் சாமிசோனியின் பாட்டும் இல்லை.

"பாய் தொலைஞ்சுதா, இல்ல உங்க தைரியம் தொலைஞ்சுதா?" கட்டிலில் படுத்தபடியே கேட்டாள் அவன் மனைவி லுபே.

"தேடிக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றான். கையில் இருந்ததோ பாதி உரித்த சேப்பங்கிழங்கு.

"மலை மாதிரி உடம்பு. ஊசியும் போட்டாச்சு. ஊரே கொரோனாவை மறந்துட்டு சர்ச்சுக்குப் போகுது. நீங்க மட்டும் அடுப்படியில ஒளிஞ்சுக்கறீங்க. வெக்கமா இல்ல?"

அவன் கிழங்கின் மீதித் தோலை உரிக்கத் தொடங்கினான்.

லுபேவுக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. இரண்டு கால்விரல்களை எடுத்தாயிற்று. இப்போது சிறுநீரகமும் தகராறு. சர்ச் எதிரில்தான், ஆனாலும் அவளால் நடக்க முடியாது. ஞாயிறு காலையில் ஜன்னலோரம் படுத்துக்கொண்டு, நாற்பது பேர் பாடுவதில் சாமிசோனியின் அடிக்குரலை மட்டும் பிரித்தெடுத்துக் கேட்பாள். வாரம் முழுக்க அதற்காகத்தான் காத்துக் கிடப்பாள். கொரோனாவுக்காக மூடியிருந்த சர்ச்சைத் திறந்த பிறகும் அந்தக் குரல் வரவில்லை. ஏக்கத்தில் அவளுக்குச் சாப்பாடுகூட இறங்கவில்லை.

"தம்பி!"

வாசலில் சாமிசோனியின் அக்கா அனாசெய்னி. எங்கள் பக்கம் அக்கா சொல்லைத் தம்பி தட்டக்கூடாது. தட்டியவனும் கிடையாது.

"உள்ள வராதேக்கா, அங்கேயே நில்லு."

"ஆமா, உன் வீட்டுல விருந்து சாப்பிட வந்தேன் பாரு. இந்தா, அப்பாவோட பாய். ஊரே உன்னைப் பாத்துச் சிரிக்குதுடா. உன் இடத்துல நின்னு இசாயா பாடறான், ஆடு கத்தற மாதிரி இருக்கு. கட்டிக்கிட்டு இப்பவே கிளம்பு."

சாமிசோனி செத்துப்போன அப்பாவின் பாயை இடுப்பில் சுற்றிக் கயிற்றை முடிந்தான். ஒரு படி இறங்கியவன் திரும்பி லுபேவைப் பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது. அடுத்த படிக்குக் கால் வரவில்லை.

"அண்ணி" என்றாள் லுபே, சத்தமாக. "அவரை ஒண்ணும் சொல்லாதீங்க. போகக் கூடாதுன்னு தடுத்தது நான்தான். பாயை ஒளிச்சு வச்சதும் நான்தான். நோய் வந்துட்டா நான் செத்துருவேன். எனக்குப் பயமா இருக்கு."

அனாசெய்னி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"கடவுளுக்குப் பாடறவனை வீட்டுல கட்டிப் போட்டிருக்கியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா? நீ இருடா தம்பி. சாவுக்குப் பயந்தவளைக் காவல் காத்துக்கிட்டுக் கிட. ஊர்ல கேட்டா என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியும்."

போய்விட்டாள். எதிரே பாட்டு தொடங்கியது. சாமிசோனி கட்டிலருகே வந்து உட்கார்ந்தான்.

"ஏன் பொய் சொன்னே? பாயை ஒளிச்சது நான்தான்."

"தெரியும். மூணு வாரமா அது மேலதானே படுத்திருக்கேன். மெத்தைக்கு அடியில வச்சா முதுகுல குத்தாதா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"என்னைப் பாக்க வந்த நர்ஸ் ஜன்னலுக்கு வெளியே உங்ககிட்ட சொன்னதும் என் காதுல விழுந்துச்சு. உங்களுக்கு வந்தா நாலு நாள் காய்ச்சல். சர்க்கரையும் சிறுநீரகமும் கெட்டுப்போன எனக்கு வந்தா, ஊசி போட்டிருந்தாலும் பொழைக்கறது கஷ்டம்."

"எல்லாம் தெரிஞ்சுமா என்னை அப்படித் திட்டினே?"

லுபே ஜன்னலைப் பார்த்தாள்.

"ரோஷம் வந்தாவது போவீங்கன்னுதான். உங்க குரலைக் கேட்டுட்டுச் செத்தாலும் பரவாயில்லைன்னு இருந்துச்சு."