மைனா கேட்காத பட்டியல்

மரமும் மிருகமும் வாய்விட்டுப் பேசிக்கொண்ட காலத்தில், காட்டு முச்சந்தியில் ஒரு மைனா இருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் அணில் வைத்திருந்த கடையில் என்னென்ன கிடைக்கும் என்று வழியில் போகிறவர்களுக்குச் சொல்வதுதான் அதன் பிழைப்பு. அது அனுப்பிய ஆள் ஏதாவது வாங்கினால், மைனாவுக்கு ஓர் அத்திப்பழம்.

தினமும் விடிந்ததும் அந்தக் கடையிலிருந்து ஒரு தும்பி பறந்து வந்து அன்றைய சரக்குப் பட்டியலை ஒப்பிக்கும். ஒருநாள் மைனா அதை விரட்டிவிட்டது. "நேத்து சொன்னதுதானே? போடி, எனக்கு மனப்பாடம்."

அன்று கரடி வந்து தேன் இருக்கிறதா என்று கேட்டது.

"குடம் குடமா இருக்கு மாமா. தைரியமாப் போங்க."

சாயங்காலம் கரடி மூச்சு வாங்கத் திரும்பியது. "நேத்தே தீர்ந்துபோச்சாம். உன்னை நம்பி மலை ஏறினேன் பாரு." அதைக் கேட்ட மானும் முயலும் மைனாவிடம் நிற்காமலே போய்விட்டன.

மறுநாள் விடிவதற்கு முன்பே மைனா தும்பிக்காகக் காத்திருந்தது. பட்டியலை இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டது.

கரடி முகத்தைத் திருப்பிக்கொண்டு அந்த வழியாகப் போனது.

"மாமா, இன்னைக்கும் தேன் இல்ல. மலை ஏறாதீங்க."

கரடி நின்றது. "போகாதேன்னா உனக்கு ஏது அத்திப்பழம்?"

"இன்னைக்குக் கிடையாதுதான்."

"வேற என்னதான் இருக்கு?"

"பலா மூணு. அதுல ஒண்ணு இன்னும் பழுக்கல."

கரடி கொஞ்ச நேரம் காதைச் சொறிந்தது. பிறகு, "பழுத்த ரெண்டு போதும் எனக்கு" என்று மலைப்பக்கம் திரும்பி நடந்தது.