பொய்க் காதுகள்

“அண்ணே, உள் ரூம்ல கொஞ்சம் தண்ணி சூடு பண்ணிக்கிறேன். காலையிலேருந்து தொண்டை கட்டிக்கிச்சி. கடைசி நாளும் அதுவுமா கரகரன்னு பேசுனா நல்லாவா இருக்கும்?”

கெட்டிலைத் தூக்கிக்கொண்டு லோகேஸ்வரி உள்ளே போனாள். குணாளன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே தலையாட்டினான்.

பீடோங்கில் அவன் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடைக்கு மேல்மாடியில் ஓடிக்கொண்டிருந்த செம்மண் இணைய வானொலிக்கு இன்றோடு மூடுவிழா. இரண்டு வருடமாக ஞாயிறு மாலைகளில் அவன் சர்வரைப் பார்த்துக்கொள்வான். கையுறைத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடித்து வந்து அவள் பேசுவாள். கேட்பவர்கள் ஏழெட்டுப் பேர். அதில் ஒருத்தி குணாளனின் மனைவி. அவளும் சமையலறையில் ஓட விட்டுவிட்டுத் துணி எடுக்கப் போய்விடுவாள். அவனுக்கு அலுத்துவிட்டது. ஆள் இல்லாத வீட்டுக்கு எத்தனை நாள் விளக்குப் போடுவது?

லோகேஸ்வரி கிளாஸும் கையுமாகத் திரும்பி வந்தாள்.

“ரெண்டு பேர் போனையும் உள்ள மைலோ டின்ல போட்டுட்டேன்ணே. அப்புறம் மைக்ல ‘உர்ர்’னு கேக்குதுன்னு ஏசுவீங்க.”

“ம்.”

“நேத்தே எல்லா குரூப்லயும் சொல்லிட்டேன். ஃபேக்டரி குரூப், பழைய எஸ்டேட் குரூப், பாக்கார் ஆராங் கோயில் குரூப்பு. இன்னிக்கி நெறைய பேர் வந்தா மூடாம நடத்தலாம்லண்ணே?”

“வரட்டும்லா, பாப்போம்.”

வரமாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும். அதனால்தான் நேற்றே ஒரு காரியம் செய்து வைத்திருந்தான். சர்வர் எத்தனை பேரைத் தாங்கும் என்று சோதிக்க, பொய்யான நேயர்களை அனுப்பும் புரோகிராம் ஒன்று உண்டு. உள் அறையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரில் அதை ஏற்றி, நிகழ்ச்சி தொடங்கும் நேரத்தில் தானாக ஓடும்படி வைத்துவிட்டான். போகிற நாளிலாவது அந்தப் பெண் சந்தோஷமாகப் போகட்டும்.

“வணக்கம் நேயர்களே...”

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் பேசத் தொடங்கினாள். திரையில் எண்ணிக்கை ஒன்பதானது. இருபதானது. முதல் பாட்டு முடிவதற்குள் எண்பது. லோகேஸ்வரி நாற்காலியிலேயே ஒரு குதி குதித்தாள். குணாளன் சிரித்து வைத்தான். மனசுக்குள் அறுத்தது.

இருநூற்றைத் தொட்டதும் சர்வர் திணறியது. ‘இன்னொரு சர்வர் சேர்க்கவா?’ என்று திரை கேட்டது. எத்தனை பேர் என்று நேற்று என்ன எண்ணைப் போட்டோம்? தூக்கக் கலக்கத்தில் ஒரு சைபர் கூடுதலாகத் தட்டியிருப்பான். கர்மம்.

பாட்டு ஓடும்போது அவள் கதவைத் திறந்து தலையை நீட்டினாள்.

“அண்ணே, இருநூறுலயே நிக்குதே! இன்னொரு சர்வர் போடுங்கண்ணே. வெளியில ஆளுங்க காத்துக்கிட்டு நிப்பாங்க.”

“போதும்லா. நீ போய்ப் பேசு.”

பேய்களுக்கு யாராவது கூடுதல் நாற்காலி போடுவார்களா? போடவில்லை. வந்தவர்களைச் சர்வர் வாசலிலேயே திருப்பி அனுப்பியது. உள்ளே இருந்தவர்களுக்கும் அவள் குரல் துண்டு துண்டாகத்தான் போனது. சோதனையை நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடும். ஆனால் அவள் கண்ணெதிரே இருநூறு என்பது எட்டாகச் சரியும். அதைச் செய்ய அவனுக்கு மனசு வரவில்லை. அந்த ஏழெட்டுப் பேர் இன்று ஒரு நாள் பொறுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டான்.

நிகழ்ச்சி முடிந்தது. லோகேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

“பாத்தீங்களா! இவ்ளோ பேர் இருக்காங்க. நடத்தலாம்ணே. நான் வேணும்னா நைட் ஷிஃப்ட்டுக்கு மாத்திக்கிறேன்.”

இதை அவன் யோசிக்கவே இல்லை. அவளைச் சந்தோஷப்படுத்தத் தெரிந்தவனுக்கு, அவள் ஆசைப்படுவாள் என்று தெரியாமல் போய்விட்டது. இனிமேல் மறைத்துப் பிரயோசனமில்லை.

“உக்காரு லோகா. அது... ஆளுங்க இல்லம்மா. நான்தான் போட்டேன். கம்ப்யூட்டர் அனுப்புனது. எல்லாம் பொய்.”

அவள் உட்காரவில்லை.

“அப்ப அந்தக் கடைசிப் பாட்டுக்கு நான் அழுதது?”

“எம்மேல கோவப்படாத. சும்மா ஒரு சந்தோஷத்துக்கு...”

“கோவம் இல்லண்ணே.” அவள் குரல் இப்போதுதான் உண்மையில் கரகரத்தது. “அழிச்சிடுங்க. இருந்தா மறுபடியும் ஆசை வரும்.”

அவன் அழித்தான். சர்வர், அதற்குள் இருந்த இரண்டு வருடப் பேச்சு, பாட்டு, எல்லாம். ‘மீட்க முடியாது, சம்மதமா?’ என்று ஒரு தடவை கேட்டது. சம்மதம் என்று தட்டினான்.

“ஹபிஸ், எல்லாம் முடிஞ்சிச்சி” என்றான், உடம்பை முறித்துக்கொண்டே. “வா, அந்தச் சனியனையும் அடைச்சிட்டுக் கெளம்புவோம்.”

உள் அறைக்குப் போய் மூலையில் இருந்த பழைய கம்ப்யூட்டரைக் காட்டினான். “இதுதான் அந்த இருநூறு பேர்.”

“இதுவா?” லோகேஸ்வரி குழப்பத்தோடு அவனைப் பார்த்தாள். “இத நான் தண்ணி சூடு பண்றப்பவே கழட்டிட்டேனேண்ணே. இந்த ரூம்ல ஒரு பிளக்குதானே இருக்கு.”

சுவரில் அவளுடைய கெட்டில்தான் சொருகியிருந்தது. கம்ப்யூட்டரின் வயர் தரையில் கிடந்தது. அதற்கு மேல் அலமாரியில், இரண்டு போனையும் விழுங்கியிருந்த மைலோ டின் நிற்காமல் உறுமிக்கொண்டிருந்தது.