டிரெய்லர் இழுக்க ஒரு வண்டி

“டிரெய்லர் இழுக்கணும் தம்பி. டீசல் வண்டியாப் பாத்துக் காட்டு” என்றார் பெரியவர்.

ஷார்ஜா பழைய வண்டி மார்க்கெட்டில் வெயில் மண்டையைப் பிளந்தது. சேல்ஸ்மேன் அபிலாஷுக்கு வேர்த்தது வெயிலால் அல்ல, அந்த ஆளைப் பார்த்துத்தான்.

காரணம் இருக்கிறது. போன மாசம் முதலாளி இப்படித்தான் ஒருத்தரை வண்டி வாங்குகிறவர் மாதிரி வேஷம் போட்டு அனுப்பினார். கூட வேலை பார்த்த தியாகு, நம்ம ஊர்க்காரராச்சே என்று வண்டியின் குறையை அவரிடம் சொல்லித் தொலைத்தான். மறுநாளே விசா கேன்சல், கலாஸ்.

இவரும் நாகர்கோவில் பக்கத்துப் பேச்சுதான் பேசுகிறார். சந்தேகம் வராமல் இருக்குமா?

“டிரெய்லர்ல என்ன ஏத்துவீங்கண்ணே?”

“படகு. அடுத்த மாசம் ரிட்டயர் ஆவுறேன். மலை தாண்டிக் கோர்ஃபக்கான் கடப்புறத்துல ஒரு அரபியோட கூட்டுச் சேர்ந்து மீன் புடிக்கலாம்னு ஒரு எண்ணம்.”

அறுபது வயசானால் ஊருக்கு மூட்டை கட்டுகிற நாட்டில் இது என்ன புதுக் கதை? உளவு பார்க்க வந்த ஆளேதான் என்று முடிவு கட்டிவிட்டான் அபிலாஷ்.

இன்றைக்குச் சறுக்கினால் அவன் கதை கந்தல். ‘அந்த வெள்ளைப் பிக்கப்பை எவன் தலையிலயாவது கட்டு, உடனே லீவு தர்றேன்’ என்று முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். ஊரில் அம்மா பெண் பார்த்து வைத்திருக்கிறாள். பெயர் சுபிஷா, நர்ஸ். போட்டோவைப் பார்த்து மயங்கியவன் வேறு விவரம் எதையும் கேட்கவில்லை. லீவு கிடைத்தால் கல்யாணம், அவ்வளவுதான் அவன் கணக்கு.

வெள்ளைப் பிக்கப்பின் லட்சணம் அவனுக்குத் தெரியும். அடிச்சட்டமான சேஸிஸ் விரிசல் விட்டு, வெல்டிங் வைத்து, மேலே கறுப்புப் பெயிண்ட் பூசியது. டிரெய்லரை மாட்டி மலை ஏறினால் வண்டி ஒரு பக்கம், டிரெய்லர் ஒரு பக்கம்.

இருந்தும் அதன் பானெட்டையே திறந்து ஸ்டார்ட் செய்தான். “பொகை வருதா பாருங்க. இழுவைன்னா டீசல்தாண்ணே, பெட்ரோல் வண்டி பக்கத்துல நிக்குமா?”

பெரியவர் இன்ஜினை ஒரு தடவைதான் பார்த்தார். மற்ற நேரமெல்லாம் அபிலாஷின் முகத்தையே பார்த்தார். ரூம் எங்கே, கூட யார் யார் என்று கேட்டார். வண்டியின் விலையை மட்டும் கேட்கவே இல்லை.

அப்புறம் குனிந்து சேஸிஸில் கட்டைவிரலை வைத்து அழுத்தித் தேய்த்தார். விரல் கறுப்பாக வந்தது.

“புதுப் பெயிண்டா?”

“அழகுக்கு அடிச்சதுண்ணே.”

“எங்கயும் ஒடைஞ்சு ஒட்ட வச்சது இல்லையே? மலை ரோடு மக்கா. எனக்க வீட்டுக்காரியும் கூட இருப்பா. உள்ளதச் சொல்லு.”

நிஜமாகவே வாங்க வந்தவராக இருந்தால் பாவம் சும்மா விடுமா? சொல்லிவிடலாம் என்று அபிலாஷுக்கு வாய் வரைக்கும் வந்தது. கூடவே பெட்டியோடு ஏர்போர்ட் போன தியாகுவும் ஞாபகத்துக்கு வந்தான்.

“ஒடசலும் இல்ல, ஒட்டும் இல்லண்ணே.”

“மாதா சத்தியமா?”

அபிலாஷ் பானெட்டை மூடினான். “மாதா சத்தியமா.”

பெரியவர் கைக்குட்டையை எடுத்து விரலைத் துடைத்தார்.

தப்பித்தோம், பரீட்சையில் பாஸ் என்று அபிலாஷுக்கு உயிர் வந்தது. குரலைத் தாழ்த்தி, “எனக்கு எல்லாம் தெரியும்ணே. முதலாளிகிட்ட நல்லபடியாச் சொல்லுங்க. லீவு கிடைச்சாதான் எனக்குக் கல்யாணம்” என்றான்.

“உனக்க முதலாளிய நான் பாத்ததே இல்ல” என்றார் பெரியவர். கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார்.

“லீவு போட வேண்டாம் மக்கா. சுபிஷா எனக்க மகளாக்கும்.”