பொலிக்செனி வீட்டு ஒப்பாரி

"புருஷன் மண்ணுக்குள்ள போய் ரெண்டு பனிக்காலம் ஓடிருச்சு. இவ ஒப்பாரி மட்டும் ஓய மாட்டேங்குதே!"

அல்பேனியாவின் கொர்ச்சா ஊர்க் கடைத்தெருவில் இப்படித்தான் பேசிக்கொண்டார்கள். பொலிக்செனி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்தி சாய்ந்ததும், பெண்கள் கறுப்பு முக்காடும் கையில் துக்கத்துக்கு அவித்த கோதுமையுமாக அவள் முற்றத்துக்கு வருவார்கள். நடுவில் செம்புத் தாம்பாளம். அதில் பரப்பிய மாவில் அவள் விரலால் ஓர் எழுத்து வரைவாள். எல்லோரும் ஆடியபடியே அதை இழுத்து இழுத்து அழுவார்கள்.

சுல்தானின் சட்டப்படி அல்பேனிய மொழி படிப்பது குற்றம். பள்ளிக்குப் பூட்டு. புத்தகம் வைத்திருந்தால் சிறை. அழுவதற்கு மட்டும் தடையில்லை.

பனிமூட்டத்தில் மிதந்து வரும் அந்த அழுகையைக் கேட்டால், ஊரே தூக்கத்தில் எதையோ நினைத்து முனகுவது போலிருக்கும்.

இந்த வாரம்தான் வினை வந்தது. மதிலில் கல் பெயர்ந்த இடுக்கருகே சிப்பாய் தலிப் தினமும் சாய்ந்து நிற்க ஆரம்பித்தான்.

"நம்ம ஊர்ல பொறந்து, நம்ம பாஷை பேசி, நம்மளையே மோப்பம் பிடிக்கிறான் பாருக்கா. த்தூ! நிறுத்திருவோம்" என்றான் தம்பி நவும்.

"திடீர்னு நிறுத்துனாத்தான்டா சந்தேகம் வரும். நடக்கட்டும்."

நடந்தது. ஆனால் புது எழுத்து வரைய அவள் விரல் எழவில்லை. 'ஓ'விலேயே நின்றுவிட்டார்கள்.

அன்று மதிலுக்கு வெளியே குளம்பொலி. இஸ்தான்புல்லிலிருந்து வந்த அதிகாரி. அல்பேனிய மொழி அறியாதவர்.

"என்னடா உள்ளே சத்தம்?"

பொலிக்செனிக்கு மாவைக் கலைக்கக்கூடக் கை வரவில்லை.

"துக்க வீடுங்க, எஜமான்" என்றது தலிப்பின் குரல்.

"என்ன சொல்லி அழறாங்க?"

நவும் பல்லைக் கடித்தான்.

"செத்தவன் பேரைத்தாங்க. எங்க பொம்பளைங்க ஆரம்பிச்சா லேசுல விடமாட்டாங்க. உள்ளே போனீங்கன்னா உங்களையும் உட்கார வச்சு அழ விட்ருவாங்க."

அதிகாரி சிரித்தார். குளம்பொலி பனிக்குள் கரைந்து போனது.



மதில் இடுக்கில் மெல்ல ஒரு தட்டு.

"அக்கா, 'ஓ' எனக்கு நல்லா வந்துருச்சு. தாம்பாளத்தைக் கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்ச்சு வச்சு, அடுத்த எழுத்தை அழுங்க."