ஊசியின் தட்டைப் பக்கம்

"இஞ்ச ஒருக்கா வாங்களேன். மெஷின் திரும்பவும் தையல் விடுது."

ஸப்னாவின் குரல் கேட்டதும் காலிதீன் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்தான். கட்டாரில் கட்டிட வேலையில் மேலிருந்து விழுந்து, கால் ஏலாமல் ஊர் வந்ததிலிருந்து அவனை யாரும் எதற்கும் கூப்பிடுவதில்லை. தையல் மெஷின் பழுதானால் மட்டும் மனைவி கூப்பிடுவாள்.

பள்ளிக்குப் போனாலும் கடைசி வரிசையில் கதிரை போட்டு உட்கார்ந்து தொழுதுவிட்டு, ஸலாம் கொடுத்த கையோடு வந்துவிடுவான். "இனி என்ன செய்யப் போறீங்க?" என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம். பொண்டாட்டி தைத்துப் போடும் சோற்றைத் தின்கிறவன் என்று ஊரே கதைப்பதாக ஒரு நினைப்பு. சோற்றுப் பீங்கானுக்கு முன்னால் இருக்கும்போதும் அவன் தலை நிமிர்வதில்லை.

நற்பிட்டிமுனையிலிருந்து ஸப்னாவிடம் தையல் பழக வரும் பெண்பிள்ளைகள் அப்போதுதான் போயிருந்தார்கள். பாதி தைத்த அபாயா மெஷினில் கிடந்தது. அவளுடைய தங்கை நதீரா பக்கத்திலிருந்து பொத்தான் கட்டிக்கொண்டிருந்தாள்.

காலிதீன் தகட்டைக் கழற்றி, உள்ளே படிந்திருந்த நூல் தூசியைத் தூரிகையால் தட்டினான். எண்ணெய் விட்டுச் சில்லைக் கையால் சுற்றிப் பார்த்தான். பிறகுதான் கண்டான்.

"ஊசி மாறிப் பூட்டிக் கிடக்குது ஸப்னா. தட்டையான பக்கம் பின்னுக்கு வரணும்."

"அப்பிடியா? நான் கவனிக்கல்லயே."

"மேல முட்டுமட்டும் ஏத்திப் போட்டுத்தான் ஆணிய இறுக்கணும். பாரு, இப்பிடி."

அவள் தலையாட்டிக் கேட்டாள். மெஷின் ஓடியது. தையல் ஒன்றும் விடாமல் நேராக விழுந்தது.

"கலியாண வீட்டு உடுப்பு. இன்டைக்கே குடுக்கணும். நீங்க இல்லாட்டி நான் என்ன செஞ்சிருப்பன்?"

காலிதீனுக்கு வெகு நாளைக்குப் பிறகு நெஞ்சு நிமிர்ந்தது. எண்ணெய்க் கையைக் கழுவக் கிணற்றடிக்குப் போனவன், அங்கே சவர்க்காரம் இல்லாததால் எடுக்கத் திரும்பினான். கதவடிக்கு வந்தபோது உள்ளே நதீராவின் குரல் கேட்டது.

"என்ன ராத்தா இது? ஊர்ப் பிள்ளையளுக்கெல்லாம் தைக்கப் படிப்பிக்கிறீங்க. உங்களுக்கு ஒரு ஊசி பூட்டத் தெரியாதா?"

அவனுக்குக் கோபம் வந்தது. வேலை கூடினால் யாருக்கும் கை பிசகும் என்று சொல்ல, ஊன்றுகோலை முன்னே வைத்தான்.

உள்ளே மெஷின் நின்றது. ஸப்னா குரலைத் தாழ்த்தினாள்.

"மெல்லக் கதை. அவருக்குக் கேட்டிரும்."