பின்வாங்கிய வண்டி

"எங்கள் வேட்பாளர் ஓர் அங்குலம்கூடப் பின்வாங்க மாட்டார்!" என்று மைக் அண்ணன் முழங்கிய அதே நொடியில், பிரச்சார வண்டி பின்பக்கமாக நகர ஆரம்பித்தது.

தெருவே சிரித்தது. மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாள் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

மைக் அண்ணன் லேசுப்பட்ட ஆள் இல்லை. வார்டு தேர்தல் வேலை மொத்தமும் அவர் தலையில்தான். ஜெயித்துக் கொடுத்தால் வட்டச் செயலாளர் பதவி என்று மேலிடம் சொல்லியிருந்தது. கட்சி விசுவாசத்தில் நெருப்பு. எதிர்க்கட்சிக்காரர் கடையில் உட்கார்ந்து டீ குடித்தார் என்பதற்காகவே ஒரு தொண்டரைக் கட்சியை விட்டுத் தூக்கியவர்.

அன்று பிரச்சாரத்தின் கடைசி நாள். ஒரு வண்டி மட்டுமே நுழையக்கூடிய சந்தில் பாதி தூரம் போயிருந்தார்கள். எதிரே எதிர்க்கட்சி வண்டி. மூக்கும் மூக்கும் உரசுகிற மாதிரி இரண்டும் நின்றன.

அந்த வண்டியில் ஒலிபெருக்கி சத்தமே இல்லை. பேச விஷயம் தீர்ந்துபோய் ஊமையாக வருகிறார்கள் பாருங்கள் என்று மைக் அண்ணன் மைக்கிலேயே கிண்டலடித்தார். ஜன்னல்கள் திறந்தன. யார் வழிவிடுவது என்று வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது.

ரிவர்ஸ் கியரில் கை வைக்கக்கூடாது என்று டிரைவருக்கு உத்தரவு போட்டார். இறங்கிப் போய் அந்த வண்டியின் கதவைத் தட்டி நாலு வார்த்தை கேட்கலாம் என்று மைக்கில் முழங்கியபடியே படியில் ஒரு காலும் வைத்துவிட்டார். அப்போதுதான் டிரைவர் வண்டியைப் பின்னால் எடுத்தார்.

மெயின் ரோடு வரை பின்னாலேயே போனது வண்டி. எதிர்க்கட்சி வண்டி கடந்து போகும்போது அதன் டிரைவர் நெற்றியில் கை வைத்து நன்றி சொன்னார். இவர்கள் டிரைவரும் தலையசைத்தார்.

கட்சி ஆபீஸில் அத்தனை பேர் முன்னாலும் விசாரணை நடந்தது.

"எதுக்குய்யா பின்னால எடுத்தே?"

"எடுக்கணும்னு தோணுச்சுண்ணே."

"தோணுச்சா? அவங்ககிட்ட எவ்வளவு வாங்கினே?"

டிரைவரின் முகம் சிவந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

வேட்பாளர் அக்கா தையல் கடை வைத்திருப்பவர், இளகிய மனசு. "வழியைத்தானே விட்டாரு, வார்டையா விட்டாரு?" என்று சமாதானம் பேசிப் பார்த்தார். மைக் அண்ணன் மசியவில்லை. இன்றோடு உனக்கும் கட்சிக்கும் சம்பந்தமில்லை, இனி எந்தக் கட்சி வண்டியிலும் நீ ஏற முடியாது என்று சொல்லிவிட்டார்.

டிரைவர் சாவியை மேஜையில் வைத்தார். "பிரேக் கொஞ்சம் இறங்குதுண்ணே. அடுத்து ஓட்டறவர்கிட்ட சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டு வெளியேறினார்.

சாயங்காலம் மைக் அண்ணன் வீட்டுக்கு வந்தபோது அவருடைய அப்பா டயாலிசிஸ் முடிந்து, கையில் கட்டோடு படுத்திருந்தார். தேர்தல் முடிகிறவரை பஸ்ஸில் போய் வாருங்கள், அப்புறம் நானே கூட்டிப் போகிறேன் என்று மகன் சொல்லியிருந்தார்.

மைக் அண்ணன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தார்.

"வேலையை விட்டே அனுப்பிட்டியா?"

"பின்னே, கொஞ்சவா முடியும்?"

அப்பா மெல்ல எழுந்து உட்கார்ந்தார். "எதிர்ல வந்த வண்டியில நான்தான்ப்பா இருந்தேன்."

அப்பா ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது பஸ் ஸ்டாப்பில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாராம். எதிர்க்கட்சி வண்டிக்காரர் நிறுத்தி, யார் வீட்டுப் பெரியவர் என்று கேட்டாராம். இன்னார் அப்பா என்று தெரிந்த பிறகும் ஏற்றிக்கொண்டாராம். அதிலிருந்து டயாலிசிஸ் நாளெல்லாம் அவர்கள் வண்டியில்தான் வருகை. முன் சீட்டு. சத்தம் இவருக்கு ஆகாது என்று, இவர் இறங்குகிறவரை ஒலிபெருக்கியை அணைத்துவிடுவார்களாம்.

"எங்க வண்டி எதிர்ல வந்ததுமே உங்க டிரைவர் என்னைப் பார்த்துட்டார். நீ எங்க வண்டிகிட்ட வர்றதுக்குப் படியில கால் வச்சதும், சட்டுனு பின்னால எடுத்துட்டார்."

மைக் அண்ணனுக்கு அப்போதுதான் புரிந்தது. ஊரே பார்க்க இரண்டு வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றபோது, இரண்டு டிரைவர்கள் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் அவர் வீட்டு மானத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள். 'எவ்வளவு வாங்கினே' என்று கேட்டபோது உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த மனுஷனின் வேலை தப்பியிருக்கும். சொல்லவில்லையே. இப்படியும் இருப்பார்களா என்று மலைத்துப்போனார். இத்தனை நாளும் அந்த ஆளை 'யோவ்' என்று கூப்பிட்டதை நினைக்கவே கூசியது.

டிரைவர் வீட்டுக்குப் போய்க் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்பதென்று அவசரமாகச் செருப்பை மாட்டினார். வாசலில் ஒரு சந்தேகம் வந்து திரும்பினார்.

"நான் அந்த வண்டிக்கு நேர் எதிர்லதானே நின்னேன்? கண்ணாடி வழியா முன் சீட்டு நல்லாவே தெரிஞ்சுதே. நீங்க எப்படிப்பா என் கண்ணுல படலை?"

அப்பா கட்டுப்போட்ட கையைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"எப்படிப்பா படுவேன்? உனக்குத் தலைகுனிவு வந்துடக்கூடாதுன்னு நான்தான் குனிஞ்சு உக்காந்திருந்தேன்."